நெறியாளரைத் தேடிச் சென்ற கடிதங்கள்

முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்புபவர், அத்துறையில் தேர்ந்த ஓர் அறிஞருக்குத் தம் ஆய்வுக் கருத்தை எழுதியனுப்பி, நெறியாளராக அவர் இசைகிறாரா என்று கேட்பது இன்று பல நாடுகளில் வழக்கமாக உள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இவ்வழக்கத்திற்கு இடமளித்த விதிகள் 1895ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக உருவாயின. பிற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் அங்கு ‘ஆய்வு மாணவர்’ என்ற நிலையில் சேர்ந்து, ஈராண்டு தங்கி ஆய்வேடு அளித்தால், இளங்கலைப் பட்டம் பெறலாம் என்று அவ்வாண்டின் விதி வகை செய்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ரதர்ஃபோர்டு, கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சனிடம் இவ்வாறு முதலில் சேர்ந்தவர்களுள் ஒருவர்.

சென்னைப் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜன், 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம், பட்டமே இல்லாத ஒருவர் அதே பல்கலைக்கழகத்தை அணுகியதால் தனித்து நிற்கிறது. அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் ஆகிய வேறு கேம்பிரிட்ஜ் கணிதர்களுக்கு அவர் எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டிக்கு எழுதியபோதோ, அவருடைய நூலொன்றில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி வந்த கூற்றையே எடுத்துக்கொண்டு, அதற்குத் தாம் விடை கண்டிருப்பதாகக் கூறி, நிறுவல்கள் இல்லாத தேற்றங்கள் பலவற்றை இணைத்தனுப்பினார். அவற்றைச் சக கணிதர் லிட்டில்வுட்டுடன் ஆராய்ந்த ஹார்டி, பிப்ரவரி 8 அன்று எழுதிய பதிலில் நிறுவல்களைக் கேட்டார்.

எனினும் ஹார்டியின் ஆர்வம் மட்டும் இராமானுஜனைக் கப்பலேற்றிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் சென்னை வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் நெவில், கேம்பிரிட்ஜ் பயணத்திற்கு அவரை இசைய வைத்ததோடு, பண உதவிக்கும் பரிந்துரைத்தார். முன்பட்டம் இல்லாததால் தனிச்சலுகையுடன் சேர்க்கப்பட்ட இராமானுஜன், முனைவர் பட்டம் அங்கு இன்னும் ஏற்படாத நிலையில், 1916இல் ஆய்வின் வழியே இளங்கலைப் பட்டம் பெற்றார்.

ஆக்ஸ்ஃபோர்டு 1917இலும் கேம்பிரிட்ஜ் அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளும் முனைவர் பட்டத்தைக் கொண்டுவந்த பின், ஓர் அறிஞரின் கீழ் சில ஆண்டுகள் ஆய்வு செய்வது பட்டத்திற்குரிய முறையான வழியாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு விண்மீன்கள் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள்) குறித்துக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆர். எச். ஃபௌலர் 1926இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தறிந்து, 1929இல் தம் கட்டுரையை அவருக்கு அனுப்பினார். அக்கட்டுரை ஃபௌலரின் வழியாக இராயல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சந்திரசேகர் 1930இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் சென்று, ஃபௌலரின் மாணவராகி, 1933இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இராமானுஜன், சந்திரசேகர் இருவரும் பெறுநரின் எழுத்தைப் படித்து, அதனோடு தொடர்புடைய தம் வேலையையே அறிமுகமாக அனுப்பினர். இராமானுஜனுக்குச் சலுகையாகத் திறந்த வழி, பதினேழு ஆண்டுகளுக்குள் பட்டமும் உதவித்தொகையும் கொண்ட மாணவர் விதிப்படி செல்லும் வழியாக மாறியிருந்தது.