தில்லை மரம்: கும்பிடும் மரமும் கண்ணைக் குருடாக்கும் பாலும்

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், "தில்லைக்காடாக இருந்த ஊர்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த மரத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். நடராசர் கோயிலின் தலமரம் தில்லைதான். ஆனால் கோயிலைச் சுற்றி இன்று வீதிகளும் வீடுகளும்தான் உள்ளன. தில்லையைப் பார்க்கச் சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே, பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டும். அங்கே சுரபுன்னைக் காட்டில் அது தானாக வளர்கிறது.

தில்லை நமக்கு நெடுநாள் பழக்கம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் தில்லைப் பூவும் ஒன்று. புலிக்கால் முனிவர் தில்லை வனத்தில் இறைவனை வழிபட்டார் என்பது தலபுராணம். இந்த மரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரை.

பெயரிலேயே எச்சரிக்கை

தில்லை, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கிள்ளினாலும் கிளையை ஒடித்தாலும் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரும். கண்ணில் பட்டால் கடுமையான வலியோடு பார்வை போகலாம். பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும் என்றாலும், கருவிழி புண்ணாகும் ஆபத்து இருக்கிறது.

இதை ஐரோப்பியருக்கு விரிவாக எழுதிவைத்தவர் ரும்ஃபியஸ். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விறகுக்காக இம்மரத்தை வெட்டிய மாலுமிகள் கண்ணில் பால் தெறித்துத் துடித்த கதையை அவர் பதிவு செய்தார். அவரே 1670இல் வேறு காரணத்தால் பார்வை இழந்தவர் என்பது வேதனையான ஒற்றுமை. 1759இல் லின்னேயஸ் இதற்கு எக்சொகாரியா அகலோச்சா என்று பெயர் வைத்தார். முதற்சொல்லுக்குக் குருடாக்குவது என்று பொருள். இரண்டாவது சொல் அகில் மரத்தைக் குறிப்பது. தில்லைக் கட்டையை அகில் என்று நினைத்துக் குழம்பியதால் வந்த பெயர் அது.

மருந்தா, நஞ்சா?

இரண்டுமாகவே மக்கள் இதை அறிந்திருந்தார்கள். ஆறாத புண்ணுக்கும் வலிப்பு நோய்க்கும் இலைக் கஷாயம், தொழுநோய்க்கு மரப்பட்டைப் புகை என்று நாட்டு வழக்கங்கள் பதிவாகியுள்ளன. இதே பாலை நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடித்ததும் உண்டு. கைப்பக்குவம் தெரிந்தவர் கையில் மட்டுமே இது மருந்து. இதே குடும்பத்து நேர்வாளத்தையும் சுத்தி செய்யாமல் சித்த மருத்துவர் கொடுப்பதில்லை.

நவீன ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவில் சேகரித்த தில்லை இலை, தண்டுகளின் சாற்றிலிருந்து எச்.ஐ.வி. கிருமியைச் சோதனைக்கூடத்தில் தடுக்கும் பொருள் ஒன்று பிரிக்கப்பட்டது. அது ஃபோர்பால் எஸ்டர் வகையைச் சேர்ந்தது. நேர்வாள எண்ணெயில் உள்ள எரிச்சலூட்டும் பொருள்களும் அதே வகைதான். அவற்றில் சில எலிகளின் தோலில் கட்டி வளர்வதைத் தூண்டுபவை. குணம் காட்டும் பொருளும் கேடு செய்யும் பொருளும் ஒரே இனம் என்றால், இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்! கண்ணாடிக் குழாயில் கிருமியைத் தடுத்த சாறு, மனித உடம்பில் சோதித்துப் பாதுகாப்பான அளவு தெரியும்வரை மருந்தாகாது.

செய்ய வேண்டியது

• பிச்சாவரத்தில் படகில் போகும்போது இலை, கிளைகளை ஒடிக்காதீர்கள். குழந்தைகளைக் கவனியுங்கள்.
• பால் கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக் கூடாது.
• தில்லை இலைச்சாற்றை நீங்களாகக் குடிக்கவோ புண்ணில் தடவவோ வேண்டாம்.

"மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. தில்லையைக் கோயில் மரமாக வைத்துக் கும்பிட்டார்கள். அதன் பாலுக்குப் பயப்படவும் செய்தார்கள். மரபைப் போற்றுகிறோம் என்றால் அந்தப் பயத்தையும் சேர்த்தே போற்ற வேண்டும்.