சிட்லிங் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பூத்தையல்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ளது சிட்லிங் பள்ளத்தாக்கு. இது சிட்டிலிங்கி என்றும் எழுதப்படுகிறது. இங்கு வாழும் லம்பாடிப் பெண்கள் ஊசியும் வண்ண நூலும் கொண்டு துணியில் செய்யும் கைவேலையே லம்பாடிப் பூத்தையல். சிறு கண்ணாடித் துண்டுகள், சோழிகள், நாணயங்கள், பாசிமணிகள் ஆகியவற்றைத் துணியோடு பதித்துத் தைப்பது இதன் சிறப்பு. ஒரு காலத்தில் இது ஒவ்வொரு லம்பாடிப் பெண்ணும் தனக்காகவே செய்துகொண்ட உடை. பிறகு இரண்டு தலைமுறைக் காலம் இப்பள்ளத்தாக்கில் இதைத் தைப்பவர் இல்லாமல் போயினர். 2006 முதல் 'பொர்கை' என்னும் பெயரில் மீண்டும் தைக்கப்படுகிறது.

சிட்லிங் பள்ளத்தாக்கில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியினர். லம்பாடிகள் சில தாண்டாக்களில் மட்டும் வாழும் சிறுபான்மையினர். தாண்டா என்பது லம்பாடிக் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

லம்பாடிகளின் வருகை

லம்பாடிகள் வட இந்தியாவில் பஞ்சாரா என்றும், கர்நாடகத்தில் லம்பாணி என்றும், ஆந்திரத்தில் சுகாலி என்றும் அழைக்கப்படுகின்றனர். தங்களை அவர்கள் 'கோர்' என்று சொல்லிக்கொள்கின்றனர். அவர்களுடைய மொழி ராஜஸ்தானி மொழிகளோடு உறவுடைய இந்திய ஆரிய மொழி. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. தெற்கே வந்தபின் தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்கள் அதில் கலந்தன.

இவர்களுடைய பழைய தொழில் பொதிமாட்டு வணிகம். தானியத்தையும் உப்பையும் எருதுகளின் முதுகில் ஏற்றி, குடும்பத்தோடு நாடு விட்டு நாடு சென்றனர். வண்டிப்பாதை இல்லாத நாட்களில் பெரும் படைகள் இவர்களை நம்பியே நகர்ந்தன. முகலாயப் படைகள் தக்காணத்துக்கு வந்தபோது உணவு கொண்டுவந்தவர்கள் இவர்கள். 1791இல் காரன்வாலிஸ் திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்தியபோதும் 'பிரிஞ்சாரி' என்று ஆங்கிலேயர் எழுதிய இம்மக்களே தானியம் சுமந்தனர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அப்போது பாரமகால் எனப்பட்டன. மைசூருக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடையிலான கணவாய்கள் இங்கே இருந்ததால் படைகளும் பொதிமாடுகளும் ஓயாமல் கடந்த நிலம் இது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது.

போர்கள் ஓய்ந்ததும் பொதிமாட்டுக்கு வேலை குறைந்தது. அடுத்து சாலைகள் வந்தன. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியாகச் சென்றது. எருதுகள் பல நாள் சுமந்ததை ரயில் ஒரே நாளில் கொண்டு சேர்த்தது. பிழைப்பை இழந்து ஊர் ஊராய் அலைந்தவர்களை அரசு சந்தேகத்தோடு பார்த்தது. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911இல் திருத்தப்பட்ட வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. லம்பாடிக் குழுக்கள் பலவும் அதன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின் 1952இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

மலையடிவாரங்களில் நிலைத்துவிட்ட லம்பாடிகள் உழவர்களாகவும் கூலிகளாகவும் மாறினர். இன்று தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை.

உடையே அடையாளம்

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் லம்பாடிகளுக்குத் தனிக் கட்டுரை உண்டு. அவர்களைப் பற்றி எழுதிய எவரும் பெண்களின் உடையைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. அகன்ற பாவாடையான 'பேட்டியா', முதுகில் கயிறு கட்டிய 'காஞ்சளி' என்னும் ரவிக்கை, தலையிலிருந்து தொங்கும் முக்காடு என மூன்று பகுதிகள் கொண்டது அது. சிவப்பும் நீலமும் அடிப்படை நிறங்கள். மார்புப் பகுதியிலும் பாவாடையின் இடுப்புப் பட்டையிலும் முக்காட்டின் நெற்றி விளிம்பிலும் தையல் நெருக்கமாக அமையும்.

தையல் உடையோடு நிற்கவில்லை. பணப்பை, பாக்குப்பை, மாட்டுக்கான அலங்காரத் துணி, குடம் சுமக்கும் சும்மாடு எல்லாவற்றிலும் பூவேலை இருந்தது. மணமாகிப் போகும் பெண்ணுக்கான உடையைத் தாயும் மகளும் மாதக்கணக்கில் தைத்தனர். வீடும் நிலமும் இல்லாமல் நகர்ந்துகொண்டே இருந்த மக்கள் தம் செல்வத்தை உடலில்தான் சுமக்க முடிந்தது. வெள்ளி நகையும் தைத்த துணியும் அவர்களுடைய சேமிப்பாகவும் அழகாகவும் இருந்தன.

தையல் முறை

லம்பாடிப் பூத்தையலில் வரைந்துகொண்டு தைக்கும் வழக்கம் குறைவு. துணியின் இழைகளை எண்ணி ஊசியை ஏற்றி இறக்குவதே பல தையல்களுக்கு அடிப்படை. அதனால்தான் வடிவங்கள் பெரும்பாலும் சதுரம், முக்கோணம், சாய்சதுரம், கோணல்கோடு என்று அமைகின்றன. கர்நாடகத்தின் சாண்டூர் லம்பாணிப் பெண்கள் கீலன், வேலே, பக்யா, மாக்கி, காடரி, போட்டே, நாக்ரா என 14 தையல்களைப் பெயர் சொல்லி வழங்குகின்றனர்.

இழை எண்ணுவதற்குக் கைத்தறித் துணி வேண்டும். தறியில் நெய்த முரட்டுப் பருத்தியில் ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியும். ஆலைத்துணியின் நெருக்கமான இழைகளை எண்ண இயலாது. செயற்கை இழைத் துணியிலோ ஊசி வழுக்கும். ஆகவே ஊர்ச் சந்தையில் ஆலைத்துணியும் நைலான் சேலையும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, தையலுக்கு அடிப்படையான துணியே கைவிட்டுப் போனது.

எண்ணித் தைக்கும் மரபு தமிழ்நாட்டில் வேறோர் இடத்திலும் உண்டு. நீலகிரித் தோடர்கள் வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தைக்கின்றனர். 'புத்துக்குளி' எனப்படும் இச்சால்வையை ஆணும் பெண்ணும் போர்த்துகின்றனர். இதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் சடங்குகளில் இன்னும் புத்துக்குளியைப் போர்த்துகின்றனர் என்பதால், விற்பனைக்குத் தைக்கும் பெண்ணுக்கும் அது தன் வீட்டுத் துணியாகவே இருக்கிறது. சிட்லிங் லம்பாடிகளின் கதை இங்கேதான் வேறுபடுகிறது.

மறைவு

தையல் மறைந்ததற்குத் துணி மட்டும் காரணமன்று. பூத்தையல் உடை, அணிந்தவர் யார் என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடும். பொதிமாட்டுக் காலத்தில் அது பெருமை. குற்றப் பரம்பரை என்ற முத்திரை விழுந்தபின் அதுவே பாரம். கூலி வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போகும்போது வேற்றாளாகத் தெரியாதிருக்க இளம்பெண்கள் சேலைக்கு மாறினர். உடுத்துபவர் இல்லாதபோது தைப்பதற்குத் தேவையும் இல்லை. தாயிடமிருந்து மகள் பார்த்துக் கற்ற கலை என்பதால் எழுதிவைத்த குறிப்பு எதுவும் கிடையாது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கேட்பதற்கு ஆள் இராது.

மழையை நம்பிய உழவு பொய்த்தபோது பள்ளத்தாக்கிலிருந்து பலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிப் போயினர். ஊசித் திறனைத் தலைமுறைகளாகக் கொண்டிருந்த சமூகத்தின் பிள்ளைகள் பனியன் ஆலைகளில் கூலிகளாக நின்றது இக்காலத்தின் முரண்.

பொர்கை

மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் சிட்லிங் வந்து பழங்குடி நல முன்முயற்சி என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஓலைக் குடிசையில் தொடங்கிய மருத்துவமனை பின்னர் வளர்ந்தது. நோய்க்கு வேர் வறுமையில் இருப்பதைக் கண்ட அவர்கள், இயற்கை உழவர்களுக்கான சங்கம் உருவாகத் துணை நின்றனர். லம்பாடித் தாண்டாக்களில் பழைய பூத்தையலைப் பற்றி விசாரித்தபோது, அதை அறிந்தவர்களாக இரண்டு மூதாட்டிகளே எஞ்சியிருந்தனர்.

2006இல் அவ்விருவரும் இளம்பெண்கள் சிலருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினர். அதிலிருந்து பொர்கை கைவினைஞர் சங்கம் வளர்ந்தது. பொர்கை என்றால் லம்பாடி மொழியில் 'பெருமை' என்று பொருள். இப்பெயர் தற்செயலானதன்று. வெட்கத்தால் கழற்றி வைத்த துணிக்கு அவர்கள் சூட்டிய பெயர் அது. சங்கத்தில் சுமார் 60 பெண்கள் தைக்கும் நிலை வந்தது. கைத்தறிப் பருத்தியில் சேலை, குர்தா, துப்பட்டா, தலையணை உறை, பை ஆகியவற்றைச் செய்து நகரக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் விற்கின்றனர். பிள்ளையைப் பார்த்துக்கொண்டும் வயல்வேலைக்கு இடையிலும் வீட்டிலிருந்தே தைக்க முடிவதால், வெளியூருக்குப் பிழைக்கப் போகும் கட்டாயம் சில குடும்பங்களிலாவது தணிந்தது.

சாண்டூரில் இதே மரபு வேறு அளவில் வளர்ந்தது. அங்குள்ள லம்பாணிப் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் ஹம்பியில் நடந்த ஜி20 பண்பாட்டுக் கூட்டத்தின்போது சாண்டூர் குசல கலா கேந்திரம் 1755 பொருட்களைக் காட்சிக்கு வைத்தது. அது கின்னஸ் சாதனையாகப் பதிவானது.

தொலைவில் உள்ள வாடிக்கையாளர்

வீட்டுக்காகத் தைத்தது சந்தைக்காக மாறும்போது ஒரு புதிய ஆபத்து வருகிறது. விலையை முடிவு செய்பவர் வெகுதொலைவில் இருக்கிறார். இந்தியக் கைவேலைகளிலேயே மிக விலையுயர்ந்ததாகப் பெயர் பெற்ற காஷ்மீர்ச் சால்வையின் வரலாறு இதைக் காட்டும்.

காஷ்மீர்ச் சால்வைக்கான பஷ்மினா, லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் 4000 மீட்டருக்கு மேல் வளரும் வெள்ளாடுகளின் அடிமயிர். நூல் நூற்பது பெண்கள். நெய்வதும் 'சோஸ்னி' என்னும் நுண் ஊசிவேலை செய்வதும் பெரும்பாலும் ஆண்கள். முகலாய அரசவை முதல் பாரிஸ் சீமாட்டிகள் வரை அதைப் போர்த்தினர். தைத்தவர் அதை உடுத்தியதில்லை. சால்வை மீது 'தாக்' என்னும் முத்திரை வரி கடுமையாக விதிக்கப்பட்டது. 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் வரிச்சுமையை எதிர்த்து ஊர்வலம் சென்ற நெசவாளர்களைப் படையினர் துரத்தியதில் 28 பேர் இறந்தனர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர ஆலைகள் அதே மாங்காய் வடிவத்தை மலிவாக நெய்து குவித்தன. இன்று அந்த வடிவத்துக்கே உலகம் 'பெய்ஸ்லி' என்று பெயர் வழங்குகிறது. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டபோது பாரிஸ் சந்தை சரிந்தது. போருக்குப்பின் நாகரிகமும் மாறியது. 1877இல் தொடங்கிய பஞ்சத்தில் நெசவாளர் பலர் மடிந்தனர். கலை பிழைத்தது, கலைஞர்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை.

சிட்லிங் பெண்களுக்கு அரசவை வாடிக்கையும் இல்லை, முத்திரை வரியும் இல்லை. ஆனால் பெய்ஸ்லியின் இடத்தில் இன்று கணினி எம்பிராய்டரி எந்திரம் உள்ளது. லம்பாடி வடிவங்களைத் துணியில் அச்சடித்து விற்பதும் எளிது. ஒரு பெண் பல நாள் உட்கார்ந்து தைத்ததையும் எந்திரம் சில நிமிடத்தில் போட்டதையும் கடையில் அருகருகே வைத்தால், புறப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கே வேறுபாடு விளங்கும். எந்திரத் தையலின் பின்புறத்தில் வேறு நிறமுள்ள அடிநூல் நெருக்கமாக ஓடும். பெரும்பாலும் தாள் போன்ற உள்துணியும் ஒட்டியிருக்கும். கைத்தையலில் ஒரே நூலின் போக்கும் முடிச்சும் பின்னால் தெரியும்.

இன்றைய நிலை

பொர்கையால் மீண்டது தையல் திறன். பழைய முழு உடை அன்றாடப் பயன்பாட்டுக்குத் திரும்பவில்லை. தைக்கும் பெண்களே பெரும்பாலும் சேலையும் சுடிதாரும் உடுத்துகின்றனர். இதைக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. கண்ணாடியும் சோழியும் நிறைந்த கனத்த பாவாடையோடு களை எடுக்கச் செல்லவேண்டும் என்று எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது. முன்பு அந்த உடையால் அடையாளம் காணப்பட்டு ஒதுக்கப்பட்டவர்கள், இப்போது அதே தையலின் பெயரால் கூலி பேசும் இடத்துக்கு வந்துள்ளனர். இரண்டு மூதாட்டிகளிடம் மட்டும் இருந்த கலை இன்று பல பெண்களின் கைகளில் உள்ளது. அவர்களுடைய மகள்கள் இதைக் கற்பார்களா என்பது, ஒரு நாள் தையலுக்குக் கிடைக்கும் கூலி ஒரு நாள் ஆலை வேலைக்குக் கிடைக்கும் கூலிக்கு ஈடாகுமா என்பதைப் பொறுத்தது.