மணியாச்சியும் மாடசாமியும்

குளத்தூரிலிருந்து மேற்கே ஓட்டப்பிடாரம் வழியாகக் கரிசல் காடுகளைக் கடந்து சென்றால் மணியாச்சி சந்திப்பை அடையலாம். 1911 ஜூன் 17 அன்று முற்பகலில், அங்கே நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்தார் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். கொடைக்கானலுக்குச் செல்லும் பயணம் அது. பெட்டிக்குள் ஏறிய செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுவிட்டு, நடைமேடையின் ஓரத்திலிருந்த கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். இவ்வளவும் நாம் பாடநூல்களில் படித்ததுதான். வாஞ்சியோடு வந்த ஓட்டப்பிடாரம் மாடசாமியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கூட்டத்தில் கலந்து மறைந்த அவர் கடைசிவரை பிடிபடவே இல்லை.

இக்கொலைக்கு வித்திட்டது 1908ஆம் ஆண்டு. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. அவ்வாண்டு மார்ச்சில் கைதானார். திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். வெளிப்படையான அரசியலின் வாசல்கள் அடைபட்ட பின்னரே சிலர் இரகசியத்தின் பக்கம் திரும்பினர். எருக்கூர் நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சென்று பாரத மாதா சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். காளி படத்தின் முன் குங்குமம் கரைத்த நீரை வெள்ளையரின் இரத்தமாகப் பாவித்துக் குடித்து, விரலைக் கீறி இரத்தத்தால் ஒப்பமிடுவது அதன் சடங்கு.

இதைப் படிக்கையில் கிரேக்கர்களின் நினைவு எழாமலிருக்காது. துருக்கிய உதுமானியப் பேரரசின் ஆட்சியிலிருந்து தம் நாட்டை விடுவிக்க, 1814இல் கருங்கடல் துறைமுகமான ஒதெஸ்ஸாவில் மூன்று கிரேக்கர்கள் 'பிலிகி எத்தேரியா' என்னும் தோழமைச் சங்கத்தைத் தொடங்கினர். அங்கும் சத்தியப் பிரமாணம், படிநிலைகள், சங்கேத மொழி எல்லாம் உண்டு. தலைமை எங்கிருக்கிறது என்பது சாதாரண உறுப்பினருக்குத் தெரியாது. 1821இல் கிளர்ச்சி வெடித்தது. பின்னர் நாடும் பிறந்தது. நிறுவியவர்களுள் ஒருவரான க்ஸாந்தோஸ் உயிரோடிருந்து தம் நினைவுகளை எழுதினார். வென்றவர்களுக்குத் தம் கதையைத் தாமே சொல்ல வாய்த்தது.

நம்மவர்களுக்கு அது வாய்க்கவில்லை. குங்கும நீர் பற்றி நாம் அறிவதே அப்ரூவராக மாறிய ஆறுமுகம் பிள்ளையின் வாக்குமூலத்தின் வழியாகத்தான். போலீஸ் பிடிக்கு அஞ்சித் தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் தற்கொலை செய்துகொண்டனர். பதினான்கு பேர் மீது நடந்த வழக்கில், 1912இல் சென்னை உயர்நீதிமன்றம் நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. சங்கத்தைப் பற்றி எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அரசாங்கம் தன் தேவைக்காகத் திரட்டிய சாட்சியங்களே. காட்டிக்கொடுத்தவனின் நாவைக் கொண்டே தியாகியின் வரலாற்றை எழுதவேண்டியிருப்பது எத்தகைய விபரீதம்!

அவர்களே எழுதி வைத்ததாக எஞ்சியது வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம். அதையும் நாம் வசதிப்படியே வாசிக்கிறோம். நாட்டுரிமையைப் பேசும் அக்கடிதம் சனாதன தருமத்தையும் பேசுகிறது. ஐந்தாம் ஜார்ஜை மிலேச்சன் என்றும், 'பஞ்சமன்' என்ற சொல்லால் சிலேடையாகவும் இழிக்கிறது. போற்றுவோர் இவ்வரிகளைத் தாண்டிச் செல்கின்றனர். தூற்றுவோர் இவற்றை மட்டுமே காண்கின்றனர். உயிரைக் கொடுக்கத் துணிந்த ஓர் இளைஞனின் விடுதலை வேட்கையும், அவன் பிறந்த சமூகத்தின் சாதி மனமும் ஒரே தாளில் இருக்கின்றன. வரலாற்றை வாசிப்பவன் இரண்டையும் சேர்த்தே படிக்கக் கடமைப்பட்டவன்.

நீலகண்டர் பிற்காலத்தில் மீண்டும் சிறை சென்று, வெளிவந்து, துறவியாகி, ஓம்கார் சுவாமி என்ற பெயரில் நந்தி மலையில் வாழ்ந்து 1978இல் மறைந்தார். வாஞ்சியின் பெயர் ரயில் நிலையத்துக்குச் சூட்டப்பட்டது. மாடசாமிக்கு வாக்குமூலமும் இல்லை, கடிதமும் இல்லை. இரகசியத்தைக் காப்பதாகச் செய்த சத்தியத்தை முற்றாக நிறைவேற்றியவர் அவராகத்தான் இருக்கவேண்டும். அதற்கு அவர் கொடுத்த விலை, வரலாற்றில் தமக்குரிய இடம்.