திருநீற்றான் மதிலும் இன்டர்னல் மார்க்கும்

திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலின் வெளிமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவனே சித்தராக வந்து அதைக் கட்டுவித்தார், அவர் கூலியாகக் கொடுத்த திருநீறு அவரவர் உழைப்பின் அளவுக்குப் பொன்னாக மாறியது என்பது தலக்கதை. கொடுத்தது எல்லோருக்கும் ஒரே நீறுதான். பொன்னை அளந்தது வேலை. வேலை வாங்குபவர் கையிலேயே அளவுகோலும் இருந்தால் ஓரவஞ்சனை நுழைந்துவிடும் என்ற பழைய அச்சம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. நர்சிங் கல்வியின் வரலாற்றை அந்த அச்சத்தோடு சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்கும்: அங்கே நியாயம் வந்தபோதெல்லாம், ஆசிரியரின் மனம் மாறியதால் வரவில்லை, மதிப்பெண் இடும் இடத்தில் இரண்டாவது கண் ஒன்று வைக்கப்பட்டதால் வந்தது.

தொடக்கம் லண்டன். 1860-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரிலான பள்ளி 15 பெண்களோடு தொடங்கியது. மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார்தான் அவர்களை வேலை வாங்கினார். மாதந்தோறும் அவர்களுக்குத் தரம் போட்டவரும் அவரே. நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை என்று கட்டங்கள் போட்ட படிவம் இருந்தது. ஆனால் பேனா ஒருவர் கையில்தானே? பத்தாண்டு கழித்து நைட்டிங்கேல் உள்ளே பார்த்தபோது அந்தக் குறிப்புகளை முழுதாக நம்ப முடியவில்லை. பாடம் எடுக்க வேண்டிய மருத்துவர் விட்ஃபீல்டு கடமையைக் கைவிட்டிருந்ததும் தெரிந்தது. 1872-ல் அவர் இடத்துக்கு ஜான் கிராஃப்ட் வந்தார். மேட்ரனோ 1887 வரை பதவியில் நீடித்தார். மாறியது வேறு: பயிற்சிப் பெண்களை நைட்டிங்கேலே தனித்தனியாக அழைத்துப் பேசி, தம் கைப்படக் குறிப்பு வைக்கத் தொடங்கினார்.

நம் பக்கத்திலும் இதே போக்குதான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி தொடங்கியது. 1926-ன் சென்னை நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் பதிவு அதிகாரத்தை மருத்துவமனைக்கு வெளியே ஒரு கவுன்சிலிடம் கொடுத்தது. 1947-ல் அகில இந்தியச் சட்டம் வந்தது. இன்று திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பெண்ணுக்குச் செய்முறையில் நூற்றுக்கு 50 இன்டர்னல், 50 வெளித்தேர்வு. அந்த வெளித்தேர்விலும் உள்ளூர்த் தேர்வாளரும் வெளித் தேர்வாளரும் சேர்ந்தே உட்கார வேண்டும் என்பது விதி. ஒற்றைக் கையை விதி வகுத்தவர்களே நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மிச்சமுள்ள ஐம்பதில்தான் இன்றும் மனத்தாங்கல் பிறக்கிறது.

வார்டில் தினம் பார்க்கும் டியூட்டருக்குத் தெரிவது, ஒரு நாள் வந்துபோகும் தேர்வாளருக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது, அதனால்தான் இன்டர்னல் மார்க்கை ஒழிக்கச் சொல்லக் கூடாது. கண்டிப்பைத்தான் மாணவிகள் பாரபட்சம் என்கிறார்கள், ஊசியில் மருந்தளவு தப்பினால் போவது உயிர் என்ற வாதமும் சரியானதே. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. கண்டிப்பான ஆசிரியரிடம் எந்தப் படியில் தவறு என்று கேட்டால் பதில் வரும். ஓரவஞ்சனைக்காரரிடம் ‘உன் போக்கே சரியில்லை’ என்பதுதான் வரும். 1975-ல் டண்டீயின் ரொனால்டு ஹார்டன் முன்வைத்த ஆஸ்கி தேர்வுமுறை, படிப்படியாகப் பட்டியலிட்டு, பல மேசைகளில் பல தேர்வாளர்களை வைத்து இந்தப் பதிலைக் கட்டாயமாக்கியது.

நல்ல குருவுக்கு விதி எதற்கு என்பாரும் உண்டு. ஆனைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சவரிராயலு நாயகர் போன்ற கிறித்தவருக்கும் மனம் கோணாமல் பாடம் சொன்னவர். உண்மை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் தேடி வந்தவர்கள். பிடிக்காவிட்டால் வேறு ஆசிரியரை நாடலாம். நர்சிங் மாணவி நான்காண்டு அதே கல்லூரி, அதே விடுதி, அதே வார்டு. போக்கிடம் இல்லாதவருக்கு ஆசிரியரின் பெருந்தன்மை போதாது. செய்த ஒவ்வொரு செய்முறைக்கும் தேதியிட்ட கையெழுத்து, குறைத்த மார்க்குக்கு எழுத்தில் காரணம், இன்னொருவர் பார்வை: வார்டில் நீறு பொன்னாவதற்கு இவையே வழி.