காட்டுப்பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி சரி? தோட்டா அளவை விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கு!

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கிற நேரம். உடுமலை, மடத்துக்குளம், குடிமங்கலம் பக்கம் உள்ள தோட்டங்களில் விவசாயிகளுக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தால், தின்பதை விட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் காலி. "சுடத்தான் அனுமதி வந்துடுச்சே, ஒரு நல்ல துப்பாக்கி இருந்தா போதாதா?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. போதுமா? யார் சுடலாம், எதைக் கொண்டு சுடலாம், எங்கே நின்று சுடலாம்? விரிவாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் யார் சுடலாம்?

2025 ஜனவரியில், அப்போதைய வனத்துறை அமைச்சர் க.பொன்முடி சட்டமன்றத்தில் இதற்கான நடைமுறையை அறிவித்தார். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்து மூன்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டன.

* 1 கி.மீ. வரை: சுடவே கூடாது.
* 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்.
* 3 கி.மீ.க்கு மேல்: சுடலாம். ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறையினர், விவசாயி அல்ல.

பக்கத்து மாநிலமான கேரளாவில் நிலைமை வேறு. 2022 மே மாதம் முதல் ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோரே சுடுவதற்கு அனுமதி கொடுக்கலாம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டு அழைக்கப்படுகிறார்கள். பாலக்காட்டில் நடப்பதைப் பார்த்துவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சட்டம்தான் என்று நினைத்தால் சிக்கல்தான்.

துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் போதாதா?

போதாது. இங்கே இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதில் வருவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், குழலின் உட்புறம் வழுவழுப்பாக உள்ள வேறு துப்பாக்கி. ரைஃபிள் அந்தப் பிரிவில் வரவில்லை.

இந்த லைசென்ஸ் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். விலங்கைச் சுட அனுமதி தருவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அதன் 2-வது அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து என்றால், 11-வது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கலாம். அந்த அனுமதி இல்லாமல் சுட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முறைப்படி சுடப்பட்ட பன்றியும் அரசின் சொத்து. கறியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

வெளிநாட்டில் என்ன கணக்கு?

ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டை பெரும்பாலும் 'விரட்டு வேட்டை'தான். ஆட்களும் நாய்களும் புதரைக் கலைக்க, வெளியே ஓடி வரும் பன்றியை வரிசையாக நிற்கும் வேட்டைக்காரர்கள் சுடுவார்கள். ஜெர்மனியில் பன்றிக்கான தோட்டா குறைந்தது 6.5 மி.மீ. விட்டமும், 100 மீட்டர் தூரத்தில் 2,000 ஜூல் ஆற்றலும் கொண்டிருக்க வேண்டும். 10 கிராம் தோட்டா நொடிக்குச் சுமார் 630 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் இந்த ஆற்றல் கிடைக்கும். இதற்குக் காரணம் இருக்கு. ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும், தோள்பட்டைத் தோல் தடிமன். சின்னத் தோட்டா பட்டால் பன்றி சாகாது, காயத்தோடு புதருக்குள் ஓடும். காயம்பட்ட பன்றிதான் ஆளைத் தாக்கும்.

அங்கே அதிகம் புழங்கும் ரகங்களில் ஒன்று .308 வின்செஸ்டர். ஆனால் இந்தியாவில் ராணுவத் தோட்டாவைப் போடக்கூடிய ரைஃபிள்கள் 'தடை செய்யப்பட்ட போர்' வகையில் வருகின்றன. 7.62 மி.மீ., .303 இரண்டும் அதில் அடக்கம். .308 என்பது கிட்டத்தட்ட 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவேதான். அதனால் சாதாரண லைசென்ஸில் அது கிடைக்காது.

இந்தியாவில் இருப்பது என்ன?

* .315 ரைஃபிள்: 8 மி.மீ. விட்டம். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாரானது. பன்றிக்குப் போதுமான பலம் உண்டு.
* 12 போர், பெருங்குண்டுத் தோட்டா: ஒரே வெடியில் பல ஈயக் குண்டுகள் சிதறும். சுமார் 30 மீட்டருக்குள்தான் நம்பலாம். அதைத் தாண்டினால் குண்டுகள் அகலமாகச் சிதறிவிடும்.
* 12 போர், ஒற்றைக் குண்டு: கனமான ஒரே குண்டு. கிட்டத்தில் கடுமையான அடி, ஆனால் வேகம் குறைவு.

ஓடும் பன்றி மணிக்கு 40 கி.மீ. வேகம் எடுக்கும்; அதாவது நொடிக்கு 11 மீட்டர். நொடிக்கு 750 மீட்டர் போகும் ரைஃபிள் தோட்டா 50 மீட்டரைக் கடப்பதற்குள் பன்றி முக்கால் மீட்டர் நகர்ந்திருக்கும். 400 மீட்டர் வேகமுள்ள ஒற்றைக் குண்டு என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். நெஞ்சுக்குக் குறி வைத்தால் பின்னங்காலில் படும், அல்லது பன்றி தப்பி, தோட்டா பின்னால் போய்விடும்.

அந்தத் தோட்டா எங்கே போய் நிற்கும்?

திருப்பூர் மாவட்டத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இதுதான். காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டினால் சுடலாம் என்கிறது நடைமுறை. இலக்கில் படாத ரைஃபிள் தோட்டாவும் 3 கி.மீ.க்கு மேல் போகக்கூடியது. காட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்த பிறகு இங்கே வெறும் காடு மட்டும் இல்லை. தோட்டத்துச் சாளை, விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வண்டியில் திரும்பும் தொழிலாளர்கள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள். பன்றிகள் பதுங்கும் சீமைக்கருவேலம் மண்டிய பள்ளமும் ஓடையும் ஊருக்கு நடுவிலேயேதான் ஓடுகின்றன. சமதள மண்ணில் கல்லில் பட்டுத் தெறிக்கும் தோட்டாவுக்குத் திசையே கிடையாது.

இதற்கு மூன்று விதிகள் உதவும்.

1. மேலிருந்து கீழே: பரண் மேல் இருந்து சுட்டால் தோட்டா மண்ணுக்குள் இறங்கும். தரையில் நின்று கிடையாகச் சுட்டால் ஊருக்குள் போகும்.
2. 30 டிகிரி: பிரான்சில் வரிசையில் நிற்பவர், பக்கத்து ஆள் இருக்கும் திசையிலிருந்து 30 டிகிரிக்குள் சுடக்கூடாது. பக்கத்து ஆளை நோக்கி 5 அடி எடுத்து வைத்து, அங்கிருந்து சுடும் பக்கமாக 3 அடி நடந்தால் அந்த எல்லை தெரியும்.
3. பார்த்த பிறகே சுடு: சலசலப்பு கேட்டோ, கண் மினுங்குவதைக் கண்டோ சுடக்கூடாது. சோளக்காட்டுக்குள் அசைவது காவலுக்குப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரராகவும் இருக்கலாம்.

புதரைக் கலைத்து விரட்டும் முறை திருப்பூர் போன்ற இடத்துக்கு ஏன் கஷ்டம் என்பது இதிலிருந்தே புரியும். பன்றி எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம்தான் துப்பாக்கியும் திரும்பும்.

அப்போ விவசாயி என்ன செய்வது?

முதல் வேலை, சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பது. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர் கொண்ட கிராமக் குழு வழியாகக் கோரிக்கை வனத்துறைக்குப் போகும். பயிர்ச் சேதத்துக்கான இழப்பீட்டையும் வனத்துறையிடமே கேட்கலாம்.

செய்யவே கூடாதது, அவுட்டுக்காய் வைப்பதும் மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்குக் கரண்ட் கொடுப்பதும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் செத்திருக்கின்றன. பன்றிக்குப் போட்ட கரண்ட் வேலியில் விவசாயிகளே சிக்கி இறந்திருக்கிறார்கள். பேட்டரியில் விட்டுவிட்டு அதிர்வு தரும் வேலி வேறு. அதற்கும் 2023-ம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு வேண்டும்.

துப்பாக்கி .315 ஆக இருக்கலாம், 12 போர் ஆக இருக்கலாம். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கு என்று தெரியாத வரைக்கும், எதிலும் விரல் விசைக்குப் போகக்கூடாது.