மொறிஸ் மைனரும் வகன் ஆரும்: விபர அட்டவணையில் இல்லாத ஒரு வரி

"அந்தக் காலத்துக் கார் இரும்பு, இப்ப வாறது தகரம்" எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். "லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" எண்டு நாங்கள் திருப்பிக் கேட்பம். இந்தப் பழைய சண்டையை ஒருக்கா இலக்கங்களோடு பார்ப்போம்.

மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. பின்னாளில் மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். 10 லட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இது. 1956 இல் வந்த மைனர் 1000 இன் எஞ்சின் 948 சிசி. வலு 37 குதிரைவலு. 2010களில் எங்கட வீதிகளை நிறைத்த சுசுகி வகன் ஆர் 658 சிசிதான். ஆனால் 52 குதிரைவலு. எடையில் இரண்டும் 800 கிலோவுக்குள். ஆக, இரும்பு–தகரக் கதை தராசில் நிற்காது.

எரிபொருளிலும் புதுசுதான் வெல்லுது. மைனரின் முதல் வகை 1950 இல் ஒரு பிரித்தானியச் சஞ்சிகையின் சோதனையில் லீற்றருக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் ஓடியது. வகன் ஆர் ஹைபிரிட்டுக்கு ஜப்பானியச் சோதனை தரும் கணக்கு 30க்கு மேல். எயார்பாக், ஏபிஎஸ் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மைனருக்கு நாலு சில்லிலும் பழைய ட்ரம் பிறேக்.

அப்ப சண்டை முடிஞ்சுதா? இல்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியது. யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்டின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம்.

இது ஏன் சாத்தியமானது? மைனர் 1000 இன் அமுக்க விகிதம் 8.3 தான், அதிலும் குறைந்த வகையில் 7.2. அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். வகன் ஆரின் விகிதம் 11 அளவில். அதோட இன்ஜெக்ரர், சென்சர், கணினி எல்லாம் இருக்கு. மைனரில் இருந்தது ஒரு கார்புரேற்றர். அதைக் கழற்றிப் பூட்ட ஒரு ஸ்குறூட்றைவரும் கைப்பழக்கமும் போதும்.

இதைப் பெருமைக் கதையாக்கவும் நாங்கள் விரும்பேல்லை. அந்தப் புகை கண்ணை எரித்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து உள்பாகங்களைத் தேய்த்தது. நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற கார் நடுவழியில் நிண்டால் என்ன நடக்கும் எண்ட பயத்தோடதான் ஓடினவை. அது தெரிவு இல்லை, நிர்ப்பந்தம்.

2022 இல் நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போனபோது, 30 கிலோமீற்றர் ஓடும் வகன் ஆர்கள் நாட்கணக்கில் வரிசையில் நிண்டதை நாங்களே பார்த்தோம். அந்தக் காரில் பிழையில்லை. பெற்றோல் கிடைக்கும் எண்ட நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்ட கார் அது. மைனரும் அப்படித்தான். மண்ணெண்ணெய்க்கு அதைப் பழக்கினது எங்கட கராஜ்காரர்.

அவையின்ர அந்தக் கைப்பழக்கம் எந்த விபர அட்டவணையிலும் இல்லை. அவையில் பலருக்கு இப்ப வயசு போயிட்டுது. உங்கட ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேட்டு எழுதி வையுங்கோ.