வன்னிக் களமும் உழைப்போர் செவியும்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுவோர் குளங்களையும் வன்னிமைகளையும் கணக்கிடுவர். 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு அத்தகைய ஆவணங்களுள் முதன்மையானது. அங்கு உழைத்தோர் எவற்றைச் செவிமடுத்தனர் என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது.

சூடு மிதிப்பை எடுத்துக்கொள்வோம். இரவுக் களத்தில் மாடுகளை வளைத்து நடத்துவோன் ‘பொலி’ எனக் குரலெடுப்பான். பொலிப்பாடல் என நாம் தொகுத்து வைத்திருப்பது அக்குரலின் நீட்சியே. மாட்டின் நடை தளர்ந்தால் பாட்டும் நீளும். நடை விரைந்தால் அதுவும் விரையும். மணி செறிந்த கதிரில் படும் குளம்பொலி வேறு, மணி உதிர்ந்த வைக்கோலிற் படும் ஒலி வேறு. இவ்வேறுபாட்டை அறியும் செவி உழைப்பாற் பயின்றது. பண் இலக்கணம் அறிந்தோரின் செவிக்கு அது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

களத்தில் அன்றாடச் சொற்கள் சில விலக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகக் குழூஉக்குறிகள் வழங்கின. பூதங்கள் ஒட்டுக்கேட்டு நெல்லைக் கவர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. இதனை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. 1892இல் ஒழிக்கப்படும்வரை நெல்வரி நிலவிய நாட்டில், குவியலின் அளவைப் பிறர் அறிவது குறித்த அச்சத்துக்குப் பொருளியல் அடிப்படையும் இருந்திருக்கும் என்றே கருதுகிறோம்.

உழவு இயந்திரம் களத்துக்கு வந்ததும் மாட்டின் நடை மறைந்தது. 2009ஆம் ஆண்டின் போரிலே மக்கள் மாடுகளையும் இழந்து இடம்பெயர்ந்தனர். இன்று பொலிப்பாடல் பாடசாலை மேடைகளில் ஒலிக்கிறது. அங்கே தாளத்தைத் தருவது மத்தளம்.